கொடி ஒரு நாட்டில், குடியிருப்பு வேறொரு நாட்டில்: படகுப் பதிவு கேட்கும் மூன்று கேள்விகள்

ஒருவர் ஒரு நாட்டின் குடிமகன். வேலைக்காகவோ, ஓய்வுக்காலத்தைக் கழிக்கவோ இன்னொரு நாட்டில் வசிக்கிறார். அவருடைய பாய்மரப் படகு மூன்றாவது நாடொன்றின் மெரினாவில், அதாவது உல்லாசப் படகுத்துறையில், கட்டப்பட்டிருக்கிறது. இப்படிப்பட்டவர்களின் எண்ணிக்கை சிறியதுதான் என்றாலும், அவர்கள் சந்திக்கும் சட்டச் சிக்கல் வேறெந்த உடைமையிலும் இந்த அளவுக்கு முறுக்கேறுவதில்லை. காரை வாங்கினால் வசிக்கும் ஊரில் பதிவு செய்கிறோம். வேறு நாட்டுக்குக் குடிபெயர்ந்தால் அங்கே மறுபதிவு செய்கிறோம். படகுக்கு இந்த எளிய கணக்கு பொருந்தாது. படகைப் பதிவு செய்யும் அலுவலகம் ‘உரிமையாளர் யார்’ என்று கேட்கிறது. சுங்கத் துறை ‘அவர் எங்கே வசிக்கிறார்’ என்று கேட்கிறது. குடிவரவுத் துறையோ ‘இந்த மண்ணில் எத்தனை நாள் இருந்தார்’ என்று மட்டும் கேட்கிறது. ஒரு கேள்விக்குச் சரியாக அமையும் விடை அடுத்த கேள்விக்குத் தவறாகிவிடலாம் என்பதை, அபராத நோட்டீஸ் கைக்கு வந்த பிறகே பலர் தெரிந்துகொள்கிறார்கள்.

முதலில் கொடியைப் பார்ப்போம். ஒரு கலம் எந்த நாட்டில் பதிவாகிறதோ, அந்நாட்டின் கொடியையே அது ஏற்றுகிறது. நடுக்கடலில் எந்த நாட்டின் ஆட்சியும் இல்லை. ஆகவே அங்கே போகும் கலம் தன் சட்டத்தைத் தன்னோடு எடுத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. 1982-ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடல் சட்ட ஒப்பந்தத்தின் 91-வது பிரிவு, எந்தக் கலத்துக்குத் தன் தேசியத்தை வழங்குவது என்பதை ஒவ்வொரு நாடும் தானே தீர்மானித்துக்கொள்ளலாம் என்கிறது. கூடவே, நாட்டுக்கும் கலத்துக்கும் இடையே ‘உண்மையான பிணைப்பு’ இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. 92-வது பிரிவின்படி ஒரு கலம் ஒரே ஒரு கொடியின் கீழ்தான் செல்லலாம். வசதிக்கேற்ப இரண்டு கொடிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் அது தேசியமற்ற கலமாகக் கருதப்படலாம். தேசியமற்ற கலம் என்ற ஐயம் எழுந்தால், எந்த நாட்டின் போர்க்கப்பலும் அதை நிறுத்தி ஆவணங்களைச் சோதிக்க 110-வது பிரிவு இடமளிக்கிறது. பத்து மீட்டர் நீளமுள்ள ஓர் உல்லாசப் படகும் இந்த விதிகளுக்கு உட்பட்டதே.

இந்த விவாதம் புதிதல்ல. இன்றைய ஓமானில் உள்ள சூர் துறைமுகத்தைச் சேர்ந்த, தோவ் எனப்படும் அரபுப் பாய்மரக் கலங்களின் உரிமையாளர்கள், மஸ்கட் சுல்தானின் குடிமக்களாக இருந்துகொண்டே, பிரெஞ்சு அதிகாரிகளிடம் ஆவணம் பெற்றுப் பிரெஞ்சுக் கொடியைத் தங்கள் கலங்களில் ஏற்றினார்கள். அடிமை வணிகத்தைத் தடுப்பதற்காக ரோந்து சுற்றிய பிரிட்டிஷ் கப்பல்கள் பிரெஞ்சுக் கொடி பறக்கும் கலத்தைச் சோதிக்க முடியாது என்பதே அந்தக் கொடியின் கவர்ச்சி. பிரிட்டன் ஆட்சேபித்தது, வழக்கு ஹேக் நகரின் நடுவர் மன்றத்துக்குப் போனது. 1905-இல் வந்த தீர்ப்பு இரு பக்கமும் வெட்டியது. தன் கொடியை யாருக்கு வழங்குவது என்பது ஒவ்வோர் இறையாண்மை அரசின் உரிமை என்று பொதுக்கொள்கையை ஒப்புக்கொண்ட மன்றம், அடிமை வணிகத்துக்கு எதிரான 1890-ஆம் ஆண்டின் பிரஸ்ஸல்ஸ் உடன்படிக்கையில் கையெழுத்திட்டதன் மூலம் பிரான்ஸ் அந்த உரிமையைத் தானே சுருக்கிக்கொண்டுவிட்டது என்றும், நெடுங்காலமாகப் பிரெஞ்சுப் பாதுகாப்பில் இருந்ததை நிரூபிக்கும் சிலர் தவிர மற்றவர்களுக்குப் புதிதாகக் கொடி வழங்க முடியாது என்றும் கூறியது. தான் வாழும் நாட்டின் அதிகாரத்திலிருந்து விலகி நிற்க இன்னொரு நாட்டின் கொடியைத் தேடும் வழக்கமும், அதற்குக் கடிவாளம் போடும் முயற்சியும் நூறாண்டுக்கு மேல் பழையவை.

‘உண்மையான பிணைப்பு’ என்ற சொல்லுக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதை 1999-இல் ஹாம்பர்க் நகரில் உள்ள கடல் சட்டத் தீர்ப்பாயம் ‘சைகா’ என்ற எண்ணெய்க் கப்பல் வழக்கில் விளக்கியது. செயின்ட் வின்சென்ட் அண்டு கிரெனடீன்ஸ் கொடியுடன் சென்ற அந்தக் கப்பலைக் கினி நாடு பிடித்துவைத்து, கொடி நாட்டுக்கும் கப்பலுக்கும் பிணைப்பே இல்லை என்று வாதிட்டது. பிணைப்பு என்ற நிபந்தனை கொடி நாடு தன் கடமைகளைச் சரிவரச் செய்வதற்காக ஏற்பட்டதே தவிர, மற்ற நாடுகள் பதிவின் செல்லுபடியைக் கேள்வி கேட்பதற்கான கருவி அல்ல என்று தீர்ப்பாயம் முடிவு செய்தது. எளிமையாகச் சொன்னால், ஒரு நாடு ‘இது என் படகு’ என்று சொல்லிவிட்டால் மற்றவர்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். ஆகவே உண்மையான தடை சர்வதேசச் சட்டத்தில் இல்லை. ஒவ்வொரு நாடும் தன் பதிவேட்டின் வாசலில் வைத்திருக்கும் தகுதி விதிகளில்தான் இருக்கிறது.

அந்த வாசல்கள் இரண்டு வகை. சில குடியுரிமையைக் கேட்கின்றன. சில வசிப்பிடத்தைக் கேட்கின்றன. இந்த இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருப்பதால், பிரிட்டனின் பதிவு முறை நல்ல எடுத்துக்காட்டு. அங்கே ‘முதல் பாகம்’ எனப்படுவது முழுமையான பதிவு: அளவையாளர் டன் கொள்ளளவைக் கணக்கிட வேண்டும், உரிமை கைமாறிய வரலாற்றுக்கு ஆவணம் காட்ட வேண்டும், படகின் மீதான அடமானத்தையும் அதில் பதியலாம். படகின் உரிமையை 64 பங்குகளாகப் பிரிக்கும் பழைய வழக்கம் இன்றும் அதில் தொடர்கிறது. பிரிட்டிஷ் குடிமகன் உலகில் எங்கே வசித்தாலும் இதில் பதிவு செய்யலாம். அங்கே வசிக்காதவர் பிரிட்டனில் தனக்கு ஒரு பிரதிநிதியை நியமித்தால் போதும். ‘மூன்றாம் பாகம்’ என்பது 24 மீட்டருக்குக் குறைந்த சிறு கலங்களுக்கானது. மலிவு, எளிது, அளவை தேவையில்லை. ஆனால் உரிமையாளர் பிரிட்டனில் வழக்கமாக வசிப்பவராக இருக்க வேண்டும்; பாஸ்போர்ட்டைக் காட்டினால் மட்டும் போதாது. இந்தச் சான்றிதழ் உரிமைக்கு அத்தாட்சியும் ஆகாது.

வெளிநாட்டில் குடியேறும் பிரிட்டிஷார் சறுக்கும் இடம் இதுதான். ஊரில் இருந்தபோது மூன்றாம் பாகத்தில் எடுத்த சான்றிதழ் ஐந்தாண்டுக்குச் செல்லும் என்று அச்சிடப்பட்டிருக்கிறது. இரண்டாம் ஆண்டில் வீட்டை விற்றுவிட்டு மத்தியதரைக் கடலோரம் குடிபோகிறார்கள். தாளில் உள்ள தேதி இன்னும் முடியவில்லை. ஆனால் பதிவுக்கு அடிப்படையான தகுதி போய்விட்டது. துறைமுக அதிகாரி தாளைப் பார்த்துத் தலையசைப்பார் என்பதால் அன்றாடத்தில் எதுவும் தெரியாது. விபத்து நேர்ந்து காப்பீட்டு நிறுவனம் பதிவு ஆவணத்தைக் கூர்ந்து பார்க்கும்போதோ, படகை விற்கப் போகும்போதோதான் ஓட்டை வெளிப்படும். சான்றிதழின் காலாவதித் தேதியையும் பதிவுக்கான தகுதியையும் ஒன்றாக எண்ணுவதுதான் இத்துறையில் மிகச் சாதாரணமான தவறு என்பது என் கருத்து.

அமெரிக்கா வேறு விதமாக இதே இடத்துக்கு வருகிறது. நிகர அளவு (எடை அல்ல, கொள்ளளவு) 5 டன்னும் அதற்கு மேலும் உள்ள படகைக் கூட்டாட்சி அரசின் கடலோரக் காவல் படையிடம் ஆவணப்படுத்தலாம்; அதற்கு உரிமையாளர் அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும், எங்கே வசிக்கிறார் என்பது பொருட்டல்ல. அதைவிடச் சிறிய படகு மாநில அரசின் எண்ணைப் பெறுகிறது. அந்த எண்ணோ, படகு பெரும்பாலும் பயன்படுத்தப்படும் மாநிலத்தைப் பொறுத்தது. பல ஆண்டுகளாக வெளிநாட்டில் வாழ்பவரின் சிறு படகுக்கு அப்படி ஒரு மாநிலமே இருக்காது. கனடாவின் பதிவேடு குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியிருப்பு உரிமை பெற்றவர்களுக்கும் திறந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் சிறிய உல்லாசப் படகுக்குத் தேசியப் பதிவு கட்டாயமில்லை என்றாலும், நாட்டை விட்டு வெளியே பயணம் புறப்படும் முன் பதிவு செய்தாக வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்த வாசல்கள் நீதிமன்றத்தால் இடித்து அகலமாக்கப்பட்டவை. பிரிட்டன் 1988-இல் இயற்றிய வணிகக் கப்பல் சட்டம், மீன்பிடிப் படகின் உரிமையாளர்கள் பிரிட்டிஷ் குடிமக்களாகவும் அங்கேயே வசிப்பவர்களாகவும் இருக்க வேண்டும் என்றது. ஸ்பானிய உரிமையாளர்கள் தொடுத்த ஃபாக்டர்டேம் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 1991-இல் அந்த நிபந்தனைகளைச் செல்லாதவை என்று தீர்ப்பளித்தது. அது தொழில் சார்ந்த வழக்கு. உல்லாசப் படகு பற்றிய கேள்வி 1996-இல் பிரான்சுக்கு எதிரான வழக்கில் வந்தது: ஒன்றியத்தின் குடிமகன் இன்னோர் உறுப்பு நாட்டில் போய் வாழ்ந்தால், அங்கே தன் பொழுதுபோக்குப் படகைப் பதிவு செய்வதும் அவருடைய சுதந்திர நடமாட்ட உரிமையின் ஒரு பகுதி என்று நீதிமன்றம் கூறியது. வேலை செய்யும் உரிமையோடு பொழுதைக் கழிக்கும் உரிமையையும் சேர்த்துப் படித்த அந்தப் பார்வை எனக்குப் பிடித்தமானது. ஒன்றியத்திலிருந்து வெளியேறிய பிரிட்டனின் குடிமக்களுக்கு, 2021 தொடக்கத்திலிருந்து இந்தக் குடை இல்லை.

குடை இழந்தவர்களும், தம் நாட்டு விதிகளின் கடுமையிலிருந்து தப்ப நினைப்பவர்களும் எளிய பதிவேடுகளைத் தேடிப் போனார்கள். நெதர்லாந்தில் சங்கங்கள் வழங்கும் உல்லாசப் படகுக்கான சர்வதேசச் சான்றிதழைப் பல வெளிநாட்டினர் வாங்கி, டச்சுக் கொடியை ஏற்றிக்கொண்டார்கள். அது படகை அடையாளம் காட்டும் ஆவணம் மட்டுமே, டச்சுத் தேசியத்தை வழங்குவதல்ல என்று அந்நாட்டு அதிகாரிகள் தெளிவுபடுத்தியபோது, தங்கள் படகுக்குக் கொடியே இல்லை என்பது அவர்களுக்குப் புரிந்தது. போலந்து 2020 ஆகஸ்ட் 1 முதல் 24 மீட்டர் வரையிலான படகுகளுக்கு ரெயா24 என்ற மின்னணுப் பதிவேட்டை நடத்துகிறது. கம்பெனி ஒன்றைத் தொடங்கி அதன் பெயரில் படகைப் பதிவது இன்னொரு வழி. இந்த வழிகளில் சில முற்றிலும் சட்டபூர்வமானவை. ஆனால் இவை அனைத்தும் முதல் கேள்விக்கு மட்டுமே விடை தருகின்றன. விற்பனை முகவர்கள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை.

இரண்டாவது கேள்வி சுங்கத்தினுடையது. பணம் அதிகம் புழங்குவதும் அங்கேதான். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே பதிவான படகு, தற்காலிக இறக்குமதி என்ற சலுகையின் கீழ், சுங்கத் தீர்வையும் மதிப்புக் கூட்டு வரியும் கட்டாமல் 18 மாதங்கள் வரை ஒன்றியத்துக்குள் இருக்கலாம். இதற்கான நிபந்தனைகளை ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும்: படகு ஒன்றியத்துக்கு வெளியே பதிவாகியிருக்க வேண்டும், வெளியே வசிப்பவரின் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும், அதைப் பயன்படுத்துபவரும் வெளியே வசிப்பவராக இருக்க வேண்டும். குடியுரிமை என்ற சொல் இங்கே எங்கும் வரவில்லை. ஆகவே, ஒன்றியத்துக்கு வெளியே நிலையாக வசிக்கும் ஜெர்மானியர், வெளிநாட்டில் முறையாகப் பதிவான தன் படகில் ஜெர்மனிக்கே வந்து இந்தச் சலுகையைக் கோரலாம். ஸ்பெயினில் குடியிருக்கும் பிரிட்டிஷார், பிரிட்டிஷ் கொடி பறக்கும் படகுக்குக்கூட அதைக் கோர முடியாது. கம்பெனியின் பெயரில் படகை வைத்திருப்பவருக்கும் இதே கதிதான்: சுக்கானைப் பிடித்திருப்பவர் எங்கே வசிக்கிறார் என்றுதான் சுங்க அதிகாரி கேட்பார். சலுகை இல்லை என்றால் படகின் மதிப்பில் வரி கட்ட வேண்டும். ஒன்றியத்தின் பொது வரிவிகிதம் லக்சம்பர்க்கில் 17 விழுக்காடு, ஹங்கேரியில் 27 விழுக்காடு. கடலோர நாடுகள் இந்த இரண்டுக்கும் இடையே வருகின்றன.

குடிபெயர்பவருக்கு ஒரே ஒரு முறை திறக்கும் கதவு ஒன்று உண்டு. வசிப்பிடத்தை ஒன்றியத்துக்குள் மாற்றிக்கொள்பவர், தன் வீட்டுச் சாமான்களோடு உல்லாசப் படகையும் தீர்வையின்றிக் கொண்டுவரலாம். அதற்கு அவர் அதற்கு முன் தொடர்ந்து 12 மாதங்களாவது வெளியே வசித்திருக்க வேண்டும். படகை குறைந்தது 6 மாதங்கள் வைத்துப் பயன்படுத்தியிருக்க வேண்டும். குடியேறிய 12 மாதங்களுக்குள் கொண்டுவந்து, அடுத்த 12 மாதங்களுக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. முதலில் வீடு, பிறகு படகு என்று நிதானமாக இருப்பவர்கள் இந்தக் கதவு மூடிய பிறகுதான் வந்து தட்டுகிறார்கள். வரி ஒருபுறம் இருக்க, ஒன்றியத்துக்கு வெளியே கட்டப்பட்டு, ஐரோப்பியத் தரவிதிகளுக்கு இணங்கியதைக் காட்டும் சி.இ. குறி இல்லாமல் வரும் படகைத் தனியே தரச் சோதனைக்கு உட்படுத்த வேண்டிய செலவும் சேரலாம். 1998 ஜூன் 16-க்கு முன்பே ஐரோப்பியப் பகுதியில் பயன்பாட்டில் இருந்த படகுகளுக்கு மட்டும் அது தேவையில்லை.

இதற்கு மேல் உள்நாட்டு வரிகள் வேறு. ஸ்பெயினில் வசிப்பவர் 8 மீட்டருக்கு மேற்பட்ட உல்லாசப் படகை அங்கே பயன்படுத்தினால், அது எந்தக் கொடியைச் சுமந்திருந்தாலும், 12 விழுக்காடு பதிவு வரிக்கு ஆளாகலாம். பதிவு வரி என்று பெயர் இருந்தாலும் அதைத் தூண்டுவது பதிவு அல்ல, வசிப்பிடம்தான். பிரான்சில் வசிப்பவர் 7 மீட்டரும் அதற்கு மேலும் உள்ள படகை வெளிநாட்டுக் கொடியில் வைத்திருந்தாலும் ஆண்டு வரி விடாது. உள்ளூரில் வாழ்ந்துகொண்டே அயல்கொடியின் நிழலில் ஒதுங்குவதை அடைப்பதற்கென்றே இவ்விதிகள் எழுதப்பட்டிருக்கின்றன.

மூன்றாவது கேள்வி மனிதரின் உடம்பைப் பற்றியது. தமக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதிக்குள் விசா விலக்கிலோ குறுகிய கால விசாவிலோ வருபவர் எந்த 180 நாட்களிலும் 90 நாட்களுக்கு மேல் தங்க முடியாது. படகுக்கு 18 மாதம், படகோட்டிக்கு 90 நாள்! படகிலேயே வாழ்பவர்களுக்கு இது கசப்பான நகைச்சுவை. எனவே அவர்கள் நீண்ட கால விசாவையோ குடியிருப்பு அனுமதியையோ நாடுகிறார்கள். அங்கேதான் இரண்டு கடிகாரங்களும் மோதுகின்றன. தன் படகிலேயே தங்கியிருப்பதற்காக ஒருவர் பெறும் குடியிருப்பு அனுமதி, அவரை அந்நாட்டில் வசிப்பவராக மாற்றி, படகின் தற்காலிக இறக்குமதிச் சலுகையைப் பறித்துவிடலாம். அனுமதி கிடைத்த அன்றே அது நிகழும் என்று சொல்லிவிட முடியாது. எங்கே குடும்பம், எங்கே தொழில், ஆண்டில் பாதிக்கு மேல் எங்கே கழிகிறது என்பவற்றைச் சேர்த்துத்தான் வசிப்பிடம் தீர்மானிக்கப்படுகிறது. வருமான வரிக்கு ஸ்பெயின் போன்ற நாடுகள் 183 நாட்களைக் கணக்கில் எடுக்கின்றன. ஒன்றியத்தின் வேறு சில விதிகள் 185 நாட்களைச் சொல்கின்றன. ஒரே மனிதர் ஒரே ஆண்டில் ஒரு துறைக்கு வசிப்பவராகவும் மற்றொரு துறைக்கு வசிக்காதவராகவும் இருக்க இயலும். அவர் எந்தத் தவறும் செய்யாமலே இது நேரும். ஆகவே குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்கும் முன் சுங்க ஆலோசகரைப் பார்ப்பதுதான் சரியான வரிசை. பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

அட்லாண்டிக்கின் மறுகரையிலும் இதே தர்க்கம்தான். அமெரிக்கக் கடலில் சுற்ற வரும் வெளிநாட்டு உல்லாசப் படகுக்கு அதிகபட்சம் ஓராண்டுக்கான பயண உரிமம் உண்டு. அது பரஸ்பரச் சலுகை தரும் நாடுகளின் பட்டியலில் உள்ள கொடிகளுக்கு மட்டும். எனவே கொடியைத் தேர்ந்தெடுப்பது அங்கே நேரடியான பயனையோ இழப்பையோ தரும். அமெரிக்காவில் வசிப்பவர் அயல்கொடிப் படகைத் தீர்வை கட்டாமல் இந்த வழியில் வைத்துக்கொள்ள இடமில்லை.

இவ்வளவையும் எண்ணிப் பார்த்துக் கொடியை மாற்றுவது என்று முடிவெடுத்தால், வேலை ஒரு விண்ணப்பத்தோடு முடியாது. ஒரே நேரத்தில் இரண்டு பதிவேடுகளில் இருக்கக் கூடாது என்பதால், பழைய நாட்டிலிருந்து பதிவு நீக்கச் சான்றிதழ் பெற வேண்டும். அடமானம் இருந்தால் வங்கி ஒப்புதல் தரும் வரை அது வராது. நீக்கத்துக்கும் புதிய பதிவுக்கும் இடைப்பட்ட வாரங்களில் படகு எந்தக் கொடியும் இல்லாமல் நிற்கும். அந்த இடைவெளியைத் துறைமுகத்திலேயே கழிப்பது, அல்லது புதிய நாடு தற்காலிகப் பதிவு தருமா என்று முன்கூட்டியே கேட்டுவைப்பது நல்லது. படகின் பின்புறத்தில் எழுதிய பதிவுத் துறைமுகத்தின் பெயர் மாற வேண்டும். படகு செலுத்துவதற்கான சர்வதேசத் தகுதிச் சான்றிதழையும் மறந்துவிடக் கூடாது: அதை ஒரு நாடு தன் குடிமக்களுக்கும் தன்னிடம் வசிப்பவர்களுக்கும்தான் வழங்குகிறது, ஆகவே மூன்றாவது நாட்டின் கொடியை எடுத்தவர் இதற்காக மட்டும் வேறோர் அலுவலகத்தின் படியேற வேண்டியிருக்கலாம்.

பலரும் விட்டுவிடுவது வானொலி எண்ணை. படகுகள் பேசிக்கொள்ளப் பயன்படும் வி.எச்.எஃப். வானொலிக்குத் தரப்படும் எம்.எம்.எஸ்.ஐ. என்ற ஒன்பது இலக்க அடையாள எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் கொடி நாட்டைக் குறிக்கின்றன: 232 முதல் 235 வரை பிரிட்டன், 261 போலந்து, 338-உம் 366 முதல் 369 வரையிலும் அமெரிக்கா. கொடி மாறினால் எண்ணும் மாற வேண்டும். பேரிடர் நேரத்தில் செயற்கைக்கோள் வழியே அபய அழைப்பு விடுக்கும் ஈபிர்ப் கருவிக்குள்ளும் இதே நாட்டுக் குறியீடு பதிந்திருக்கிறது. அதை மறுநிரல் செய்யாமல் விட்டால், நள்ளிரவில் படகு மூழ்கத் தொடங்கும்போது, இந்தப் படகு யாருடையது, எத்தனை பேர் ஏறியிருப்பார்கள், வீட்டில் யாரைக் கூப்பிட்டுக் கேட்பது என்று மீட்புப் படையினர் தேடப்போவது, உரிமையாளர் எப்போதோ விட்டு வந்த நாட்டின் பழைய பதிவேட்டில்தான்.